பாய் பேனாவால் போட்ட வட்டங்கள்

என் பீரோவில் ஒரு பழைய புடவைப் பெட்டி இருக்கிறது. உள்ளே புடவை இல்லை. 4க்கு 6 அளவில் இருநூறு, இருநூற்றைம்பது பிரிண்டுகள். எல்லாம் பறவைகள். அனேகமாக எல்லாவற்றின் மேலும் நீலப் பேனாவில் ஒரு வட்டமோ அம்போ பெருக்கல் குறியோ இருக்கும். அது எங்கள் போட்டோ ஸ்டுடியோக்காரர் பாய் போட்டது. பின்பக்கம் தேதி, இடம், ஷட்டர் ஸ்பீடு. அது என் கையெழுத்து; எழுதச் சொன்னவர் அவர்.

போன வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினேன். யார் யார் என்னென்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பது அப்படியே வரிசையாக வந்தது. மறந்து போவதற்குள் எழுதி வைக்கிறேன்.

வீடு தண்டையார்பேட்டை. வேலை மஞ்சம்பாக்கத்தில், காலி கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஒரு யார்டில் பில் போடுவது. சின்ன நாத்தனாரைக் கொடுத்திருப்பது எண்ணூரில். 2022இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது காட்டுக்குப்பம் பக்கம் ஆற்றோரமாக நடந்தோம். கொசஸ்தலையாறு கடலைத் தொடுவதற்கு முன்னால் பரந்து கிடக்கும் இடம். அங்கே ஒரு கருப்பு வெள்ளைப் பறவை, தண்ணீருக்கு மேல் அந்தரத்தில், ஒரே இடத்தில் நின்று இறக்கை அடித்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் துடிக்கிறது, தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி அசையவே இல்லை. சட்டென்று கல் விழுவது போல் விழுந்து, மீனோடு எழுந்து போனது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி என்று பேரெல்லாம் பிறகுதான் தெரியும். போனில் எடுத்ததைப் பார்த்தால் புகைபோக்கிகள் தெளிவாக இருந்தன, பறவை ஒரு புள்ளி.

அந்தத் தீபாவளி போனஸில் கேனன் 1500டி கேமராவும் 55-250 லென்சும் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பறவை எடுப்பவர்கள் இதைச் சின்ன லென்ஸ் என்பார்கள். எனக்கு இன்றைக்கும் அதுதான்.

மூன்று மாதம் கழித்து, முதல் தடவையாக நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்த ஒரு கொக்குப் படத்தை ஃப்ரேம் போடலாம் என்று பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனேன். என் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் பாய். இப்போது பெரும்பாலும் பாஸ்போர்ட் சைஸ், ஆதார் பிரிண்ட்தான் நடக்கிறது. எழுபதைத் தாண்டிவிட்டார். படத்தைக் கையில் வாங்கி, கடை வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஏம்மா, கொக்கு எங்கே?”

“இதோ இருக்கே பாய்.”

“இது கொக்கு இல்லம்மா. வெள்ளைப் பேப்பரைக் கொக்கு மாதிரி வெட்டி ஒட்டியிருக்கு. இறகு எங்கே?”

வாங்கிப் பார்த்தேன். கொக்குக்குப் பின்னால் அலையாத்திச் செடிகள் கரும்பச்சையாக அழகாக வந்திருந்தன. கொக்கின் கழுத்தில், முதுகில் ஒரு கோடு இல்லை. வெறும் வெள்ளை.

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. “மணவறையில மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பின்னால கருஞ்சிவப்பு வெல்வெட் துணி. கேமரா பாவம், எல்லாத்தையும் சேத்துப் பாக்குது. ஐயோ இருட்டா இருக்கேன்னு வெளிச்சத்தை ஏத்திடுது. வேட்டியில மடிப்பு போயிடுது, ஜரிகை போயிடுது. அந்தக் காலத்துல மடிப்பு தெரியலைன்னா கல்யாண வீட்டுக்காரங்க பாக்கிக் காசைத் தர மாட்டாங்க. வெள்ளையை எடுக்கிறப்ப வெள்ளைக்காகக் குறைக்கணும். மத்தது இருட்டினா இருட்டட்டும்.”

என் கேமராவில் ‘ஏவி’ என்று போட்ட ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலே இருக்கும் சக்கரத்தைத் திருப்பினால் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். மூன்று மாதமாக அதைத் தொட்டதே இல்லை. அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதே இடத்துக்குப் போனேன். கொக்கும் இருந்தது. பூஜ்ஜியத்தில் ஒன்று, ஒரு படி குறைத்து ஒன்று, அதற்கும் கீழே ஒன்று. இரண்டாவது படத்தைச் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது கழுத்தில் இறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பது தெரிந்தது. மார்புக்குக் கீழே லேசாக ஒரு சாம்பல் நிழல். கொக்கு உருண்டையாக, உடம்போடு இருந்தது. ஆற்றங்கரையில் நின்றபடியே நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

பாய் அன்றைக்கே ஒரு நிபந்தனையும் போட்டார். வாரத்துக்கு ஐந்து படம், பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும். போனில் காட்டினால் பார்க்க மாட்டார். “அதுல எல்லாம் அழகாத்தான் இருக்கும். காகிதத்துல வந்தா உண்மை தெரியும்.” ஐந்தை நான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்தான் பாதிப் பாடம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. முன்னூறு படத்திலிருந்து ஐந்தைப் பொறுக்க இரண்டு ராத்திரி ஆகும். பொறுக்கும்போதே தப்புகள் கண்ணில் பட ஆரம்பித்தன.

அவர் சொன்னதெல்லாம் கல்யாணப் படத்திலிருந்தே வரும். ரெட்டேரியில் எடுத்த நாமக்கோழி ஃப்ரேமின் ஓரத்தைப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தது. “மாலை மாத்துறப்ப பொண்ணு சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? பாக்குற பக்கம் இடம் விடும்மா.” கரிச்சான் தலைக்குப் பின்னால் மின்கம்பம் எழுந்து நின்றது. “பந்தக்கால் முளைச்ச மாப்பிள்ளை” என்று பெருக்கல் குறி போட்டார். வானத்துக்கு எதிரே எடுத்த செம்பருந்து கரிக்கட்டையாக வந்தபோது, கொக்குக்குச் செய்ததைத் திருப்பிச் செய்யச் சொன்னார். ஜன்னலுக்கு முன்னால் பெண்ணை நிற்க வைத்து எடுத்தால் முகம் கறுத்துப் போகும், அப்போது கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேல் கண். முதல் வட்டம் எப்போதும் கண்ணில்தான் விழும். “வால் கூர்மையா இருக்கு, கண்ணு மங்கலா இருக்கு. யார்கிட்டம்மா பேசுறது?” என் கேமராவில் ஃபோகஸுக்கு ஒன்பது புள்ளிகள். அது தானாகத் தேர்ந்தெடுக்கும்படி விட்டிருந்தேன். பறவைக்கு முன்னால் இருக்கும் கிளையைப் பிடித்துக்கொள்ளும். நடுப்புள்ளியை மட்டும் வைத்துக் கண்ணில் நிறுத்தப் பழகினேன். பறக்கும் பறவையிடம் இது நடக்காது, அங்கே மார்பில் வைத்தாலே பெரிது. ஆனால் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியின் கண்ணில் விடியற்காலைச் சூரியன் ஒரு சின்னப் பொட்டாக மின்னுவதைப் பார்த்துவிட்டால், அது இல்லாத படத்தை மனசு ஏற்பதில்லை.

இரண்டாவது குரு, ஆற்றில் கையால் இறால் பிடிக்கும் ஓர் அக்கா. காட்டுக்குப்பம் ஓரத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் பெண்களும் ஆண்களும் கழுத்தளவு தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, சேற்றைக் கைகளால் துழாவி இறாலைப் பிடித்துப் பறி என்னும் கூடையில் போடுவார்கள். பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலையில் இருப்பதால். அந்த அக்கா கரையேறிப் பறியைக் காலி செய்துகொண்டிருந்தபோது என்னிடம், “தெனம் இன்னாத்தம்மா எடுக்குற?” என்று கேட்டார். திரையில் காட்டினேன். பவளக்கால் உள்ளான். கரையில் நின்று எடுத்தது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது நெட்டக்கால்காரன்தானே? எனக்கு இப்டித் தெரியாது” என்றார்.

“எப்படித் தெரியும் அக்கா?”

“நான் தண்ணில குந்தினு கெடப்பேன். அது எதுர்க்க வந்து நிக்கும். எம்மா ஒசரம் தெரியுமா! நீ மேலேந்து பாக்குற, அதான் குள்ளமா கீது.”

நான் அன்றைக்கே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அது போதவில்லை; அடுத்த முறை பழைய பிளக்ஸ் பேனர் ஒன்றை விரித்து முழங்கையை ஊன்றிப் படுத்தேன். உள்ளானின் கால்கள் திரையின் பாதி உயரத்துக்கு எழுந்தன. அதன் கீழே தண்ணீரில் இன்னொரு உள்ளான், தலைகீழாக. பின்னால் இருந்த குப்பையும் உடைந்த படகும் எங்கேயோ தூரத்தில் கரைந்து ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. நின்று எடுக்கும்போது பறவைக்குப் பின்னால் இரண்டடியில் சேறு. படுத்து எடுக்கும்போது பின்னால் இருப்பது அக்கரை. இதற்கு லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை, புடவை மாற்ற வேண்டும். சுடிதாருக்கு மாறினேன்.

2023 டிசம்பர் பற்றி நிறைய எழுத முடியவில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறு முழுக்கப் படர்ந்தது. கரையில் இருந்த செடிகளின் வேர், படகு, வலை, எல்லாம் கறுப்பு. உடம்பெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்கள் இறகைக் கோத முயன்றுகொண்டே நின்றன. நான்கு படம் எடுத்தேன், அதற்கு மேல் கை வரவில்லை. அந்த வாரப் பிரிண்டுகளை பாயிடம் கொடுத்தபோது அவர் பிரிண்டர் பக்கம் திரும்பி, “கலர் தப்பா விழுந்திருக்கே, இங்க் பாக்கணும்” என்றார்.

“கலர் சரிதான் பாய். எண்ணெய்.”

பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். அந்த நான்கு பிரிண்டிலும் குறி கிடையாது. இறால் பிடிக்கும் அக்காவைப் பல வாரம் ஆற்றில் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காகச் சிலர் பழவேற்காடு போனார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். தூரத்தில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. நூறு படம் எடுத்தேன், நூறும் தண்ணீருக்கடியில் இருப்பது போல் நெளிந்திருந்தன. பாய் பார்த்துவிட்டுக் கை ஆடியிருக்கிறது என்றார். இங்கே அவர் சொன்னது சரியில்லை. எங்கள் குழுவில் வந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர்தான் விளக்கினார்: பதினொரு மணி வெயிலில் தரை சூடாகி, அதன் மேலிருக்கும் காற்று நெளிகிறது, தார் ரோட்டில் மதியம் தெரியுமே அதுதான். முன்னூறு மீட்டர் தூரத்துப் பறவையை அந்தக் காற்றின் வழியாக எந்த லென்ஸில் எடுத்தாலும் இப்படித்தான் வரும். எட்டு மணிக்குள் எடு, இல்லையென்றால் கேமராவை வைத்துவிட்டு பைனாகுலரில் பார் என்றார். அன்று மிச்ச நேரம் அவருடைய பைனாகுலரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்துப் போட்டு இரை தேடுவதைப் பார்த்தேன். நல்ல நாள்.

இனி அந்த ஆள்காட்டி.

பாய் விடாமல் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று, “கிட்டப் போம்மா. முகம் பெருசா வரணும்.” கல்யாணத்தில் அது சரி. என் லென்ஸில் பறவை பெரிதாக வரவேண்டும் என்றால் நான்தான் நடக்க வேண்டும். 2024 ஏப்ரலில் எங்கள் யார்டின் பின்மூலையில், ஜல்லி கொட்டிக் கிடக்கும் இடத்தில், சிவப்பு மூக்கு ஆள்காட்டி ஒன்று திரிவதைப் பார்த்தேன். மேனேஜரிடம் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டு வேளையில் கேமராவோடு போனேன். நான் போனதும் கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றியது, இறங்கியது, இறக்கையை விரித்துக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தது. ஜல்லியில் நான்கு முட்டைகள் இருந்தன. கூடு என்று எதுவும் இல்லை, ஜல்லி நிறத்திலேயே கரும்புள்ளி போட்ட முட்டைகள். மிதிக்காமல் தள்ளி நின்றேன். ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் படம் பெட்டியில் இருக்கிறது. ஃப்ரேம் நிறையப் பறவை. திறந்த அலகு, கண்ணுக்கு முன்னால் தொங்கும் சிவப்புச் சதை, விரித்த இறக்கையில் வெள்ளைப் பட்டை, கண்ணில் வெளிச்சம். பாய் ஒரு குறிகூடப் போடவில்லை. “இதை ஃப்ரேம் போடலாம்” என்றார். ஒன்றேகால் வருஷத்தில் முதல் தடவை.

மறுநாள் யார்டில் எல்லோருக்கும் காட்டினேன். கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஸ்டாக்கர் வண்டி ஓட்டும் தம்பி ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தான்.

“அக்கா, இது கத்துறப்ப எடுத்ததா?”

“ஆமாம்ப்பா.”

“மேல உக்காந்து பாத்தா எனக்குத் தெரியும்க்கா. என் வண்டி பக்கத்துல போனாக்கூட அது ஏந்திரிக்காது. நீங்க நடந்து வந்தா தூரத்துலயே ஏந்திரிச்சிடும். நீங்க போற வரைக்கும் உக்காராது. நேத்து இருபது நிமிஷம் நின்னீங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான், “மொட்டை வெயில்க்கா. முட்டை சும்மா கெடந்துச்சு.”

சித்திரை வெயில், ஜல்லி, மதியம் ஒரு மணி. ஆள்காட்டி அந்த நேரத்தில் முட்டை மேல் உட்காருவது சூடேற்றுவதற்காக இல்லை, நிழல் கொடுப்பதற்காக. இதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவன் வண்டி மேலிருந்து பார்த்தே தெரிந்துவைத்திருந்தான். பாய் அந்தப் படத்தில் கண்ணைப் பார்த்தார், இறகைப் பார்த்தார், நானும் அதைத்தான் பார்த்தேன். பறவை என்ன சொல்லிக் கத்துகிறது என்பதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் அவனும் செக்யூரிட்டி அண்ணனும் சேர்ந்து அந்த இடத்தைச் சுற்றி நான்கு ஆரஞ்சு கோன் வைத்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு முட்டைதான் இருந்தது என்றான் தம்பி. காக்காயா, நாயா, யாரும் பார்க்கவில்லை. என்னாலா என்று கேட்டேன். “தெரியாதுக்கா” என்றான். அவன் பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. படத்தை ஃப்ரேம் போடவில்லை. பின்பக்கத்தில் ஷட்டர் ஸ்பீடுக்குக் கீழே ‘20 நிமிடம், முட்டை 4’ என்று எழுதினேன்.

2025இல் அதே மூலையில் மறுபடி ஆள்காட்டி முட்டை வைத்தது. இந்தத் தடவை அவன் சொன்ன யோசனை: நிறுத்தி வைத்திருக்கும் டிரெய்லர் லாரியின் கேபினில் உட்கார்ந்து எடுங்கள், வண்டியை அது கண்டுகொள்ளாது. காலை ஏழரைக்கே கேபினில் ஏறிவிட்டேன். ஜன்னல் விளிம்பில் ஒரு கிலோ அரிசிப் பையைப் போட்டு அதன்மேல் லென்ஸை வைத்தேன். நாற்பது அடிக்கு மேல் தூரம். பறவை ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. ஒன்பதரைக்கு, யார்டில் லாரி கழுவிய தண்ணீர் தேங்கியிருந்த பள்ளத்துக்கு நடந்து போய், வயிற்றை அதில் அமுக்கி அமுக்கி எடுத்தது. திரும்பி வந்தது. முட்டைகளுக்கு மேல் ஒரு நொடி நின்றது. வயிற்றிறகு ஈரத்தில் திரித்திரியாகத் தொங்க, ஒரு சொட்டு விழப் போகிறது. அதை எடுத்தேன். அப்புறம் உட்கார்ந்தது.

பிரிண்டை பாயிடம் நீட்டினேன். ஃப்ரேம் நிறைய ஜல்லி, பின்னால் மங்கலாக ஒரு கன்டெய்னரின் நீலம், நடுவே சின்னதாகப் பறவை. பேனா மூடியைக் கழற்றினார்.

“ரொம்பச் சின்னதா இருக்கேம்மா. இன்னும் கொஞ்சம் கிட்டப் போயிருக்கலாமே?”

“போகக் கூடாது பாய். கீழே முட்டை இருக்கு.”

“எங்கே?”

காட்டினேன். கண்ணுக்குத் தெரியவில்லை அவருக்கு. மேசை இழுப்பறையிலிருந்து நெகட்டிவ் பார்க்கும் பழைய லூப்பை எடுத்தார். வாசல் வெளிச்சத்துக்குப் போய், பிரிண்டின் மேல் அதை வைத்துக் குனிந்தார். முட்டையைக் கண்டுபிடித்தாரா தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லூப்பை ஒரு விரற்கடை மேலே நகர்த்தினார்.

“ஏம்மா, இதுக்கு வயிறு ஏன் நனைஞ்சிருக்கு?”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தேன்.